பூட்டிய வீடுகளில் ஒரு கூடம் கேட்டு: நகரத்தார் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் செட்டியார் ஐயாக்களுக்கும், வீட்டுப் பங்காளிகளுக்கும், ஊர்தோறும் அறக்கட்டளைகளை நடத்தி வருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், கடியாபட்டி என்று நம் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு வீடுகளில் ஒரு கூடத்தை மட்டும் திறந்து தரும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தலையில் அடிபட்டோ, மூளைக்காய்ச்சல் வந்தோ, ஊரணியில் மூழ்கி உயிர் பிழைத்தோ கை கால் விளங்காமல் போன பிள்ளைகள் மறுபடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக அந்த இடம் வேண்டும். நான் தேவகோட்டைக்காரி. இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) படித்துவிட்டு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடுதான் வேலை செய்கிறேன். எந்த நிறுவனத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை.

இந்தப் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுகிற வேலை இப்போது முன்பைவிட நன்றாக நடக்கிறது. கூப்பிட்டால் 108 வருகிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. மண்டைக்குள் ரத்தம் கட்டினால் மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள். பிள்ளை கண் திறக்கிறது. மூக்கில் போட்ட குழாயை எடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என் மடல் அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

அந்த வரிக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று வீட்டாருக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. மூளையில் அடிபட்டால் தசையைத் தளர்த்தச் சொல்லி மேலிருந்து வரும் கட்டளை குறைந்துவிடும். அதனால் தசை எப்போதும் இறுகியே நிற்கும். முழங்கை மடங்கும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருளும், குதிகால் தரையைத் தொடாமல் பாதம் கீழ்நோக்கி நீளும். பெரியவர்களுக்குப் பக்கவாதம் வந்தாலும் இதேதான் நடக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு இன்னொன்று சேர்ந்துகொள்கிறது: அவர்கள் வளர்கிறார்கள். எலும்பு நீளும், இறுகிப்போன தசை அதே வேகத்தில் நீளாது. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் நேற்றுவரை கையால் நிமிர்த்த முடிந்த கணுக்கால் அப்புறம் நிமிராது. தசையின் இறுக்கத்தை மருந்தாலும் பயிற்சியாலும் குறைக்கலாம். தசையே குட்டையாகிப் போனால் மாவுக்கட்டு, ஆபரேஷன் என்று போக வேண்டியிருக்கும். காலைத் தாங்கப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டும் அப்படித்தான். பிள்ளை வளர வளர அது சிறிதாகிவிடும். சின்னதாகிப்போன ஸ்பிளிண்ட்டைப் போட்டுத் தோல் புண்ணான பிறகு, 'இவனுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று பரணில் தூக்கிப் போட்டுவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

'சின்னப்பிள்ளைதானே, வளர வளரத் தானாகச் சரியாகிவிடும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. குழந்தையின் மூளைக்குப் புதிய வழிகளைப் போட்டுக்கொள்ளும் திறன் அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வழி சும்மா படுத்திருந்தால் உண்டாகாது. எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதற்குத்தான் மூளை வழி போடும். நடக்கப் பழக நடக்கத்தான் வேண்டும். தம்ளரைப் பிடிக்கப் பழகத் தம்ளரைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ஒரு நாளைக்குப் பத்து முறை போதாது, நூற்றுக்கணக்கான முறை. சின்ன வயதில் அடிபட்டால் வேறொரு சிக்கலும் உண்டு. மூன்று வயதில் அடிபட்ட பிள்ளைக்குக் கணக்குப் போடும் திறன், பொறுமையாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் எல்லாம் அப்போது உருவாகியே இருக்காது. அது கெட்டுப்போனதா இல்லையா என்பது மூன்றாம் வகுப்புக்கு வரும்போதுதான் தெரியும். அப்போது யாரும் பழைய அடியை நினைப்பதில்லை. 'அடங்காத பிள்ளை', 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஆகவே இந்தப் பிள்ளைகளைச் சில வாரம் பார்த்து அனுப்பிவிட முடியாது. முதல் ஒரு வருடம் நெருக்கமாகவும், அதன் பிறகு வளர்ந்து முடிக்கும்வரை விட்டு விட்டும் பார்க்க ஆள் வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை நான் குறை சொல்லவில்லை. அம்மாவின் கை பட்டால் பிள்ளை இளகும், தூங்கும். ஆனால் பிள்ளை சும்மா படுத்திருக்க நாம் காலை மடக்கி நீட்டுவது வேறு, பிள்ளை தானாக முயன்று மடக்குவது வேறு. இரண்டாவதில்தான் மூளைக்கு வேலை. விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தோளைத் தாங்கும் தசையில் பலம் இல்லாதபோது மூட்டு இறங்கிவிடும். பிறகு அந்த வலியே பிள்ளையைப் பயிற்சிக்கு வரவிடாமல் தடுக்கும்.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். காரைக்குடியிலிருந்து மதுரையும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். உள் கிராமத்திலிருந்து வருகிற தாய் முதலில் டவுன் பஸ் பிடிக்க வேண்டும், அப்புறம் மதுரை பஸ். கால் விறைத்த எட்டு வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். கூலி போகிறது, வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். தெரியாத ஒன்று உண்டு: மூளையில் அடிபட்ட பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும். அந்தக் களைப்பு சோம்பேறித்தனம் கிடையாது, அந்த அடியின் ஒரு பகுதி. ஒரு நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் இருக்கும் கொஞ்சம் தெம்பையும் பஸ்ஸே வாங்கிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் பாயில் படுக்க வைத்தால் தூங்கிவிடும். அரை மணி நேரத்தில் அடுத்த பிள்ளை வந்துவிடும். தாய் திரும்பி வருவாள். இரண்டு மூன்று மாதத்தில் போக்கு நின்றுவிடும். 'அவர்களுக்கு அக்கறை இல்லை' என்று பேசுகிறவர்கள் அந்தப் பஸ்ஸில் ஒரு நாள் போய் வர வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாவட்ட அளவில் குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரம் கண்டறிந்து பயிற்சி தரும் மையங்கள் இருக்கின்றன. வட்டார வள மையங்களில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்ற கணக்கில் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களில் பலர் என் நண்பர்கள், நல்ல வேலைக்காரர்கள். ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க இருக்கும் பக்கவாதக்காரர்களையும், படுத்த படுக்கையான முதியவர்களையும் பார்த்துவிட்டு ஒரே பிள்ளையிடம் வாரத்தில் மூன்று நான்கு முறை வர அவர்களால் எப்படி முடியும்? இன்னொரு சிக்கல் நம் பகுதிக்கே உரியது. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. கடியாபட்டியும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டம், அங்கிருக்கிறவர்களுக்குச் சந்தை, கடை எல்லாம் காரைக்குடிப் பக்கம். மாவட்டக் கணக்குப்படி ஓரிடம், வசதிப்படி ஓரிடம் என்று பிள்ளை நடுவில் நின்றுவிடுகிறது. உங்கள் நகரத்தார் ஊர்களுக்கு அந்த எல்லை கிடையாது. உங்கள் குலப்பிரிவுகளுக்கான ஒன்பது நகரக் கோவில்களை வைத்து ஊர்களை ஒன்றாகப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். அதனாலும்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வீட்டைக் கேட்பதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை மட்டும் அல்ல. உங்கள் வீடுகள் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன. சிலவற்றை வெளியிலிருந்து, சிலவற்றைக் கல்யாணத்துக்குப் போனபோது உள்ளேயிருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள பத்தியில் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நடை பழகும் பிள்ளை ஒரு தூணை விட்டு அடுத்த தூணைப் பிடிக்கப் போவது, நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கம்பிகளுக்கு நடுவே செய்ய வைக்கிற பயிற்சியேதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று கட்டம் கட்டமாகப் பூ இருக்கும். தரையில் ஒரு குறி தெரிந்தால் தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை அடியை எட்டி வைக்கும். அதற்காக நாங்கள் சிமெண்டுத் தரையில் கலர் டேப் ஒட்டுகிறோம். உங்கள் முகப்பில் அது நூறு வருடமாக ஒட்டியே இருக்கிறது. தண்ணீர் பட்டால் மட்டும் அந்தக் கல் வழுக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருப்பது தொடைக்கு நல்ல பயிற்சி. பழகப் பழக உயரம் குறைந்த படிக்கு இறக்கலாம்.

அப்புறம் பல்லாங்குழி. நல்ல கையை உறை போட்டுக் கட்டிவிட்டு, விளங்காத கையால் மட்டும் தினமும் சில மணி நேரம் வேலை செய்ய வைப்பது உலகமெங்கும் நடைமுறையில் உள்ள ஒரு முறை. ஒரு பக்கம் மட்டும் கை கால் விளங்காமல் போன பிள்ளைகளுக்கு அது பலன் தருகிறது. அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. புளியங்கொட்டையைக் குழியிலிருந்து எடுத்துக் குழிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எத்தனை முறை சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் 'விரலைச் சேர், பிரி' என்றால் இருபதாவது தடவையில் அழுதுவிடும். எதிரே ஒரு ஆச்சி உட்கார்ந்து விளையாடினால் விடவே விடாது. பிள்ளைகள் தனியாகச் செய்வதைவிடக் கூட்டமாக இருக்கும்போது அதிகம் செய்கிறார்கள். பக்கத்தில் ஒருத்தி நான்கடி நடந்துவிட்டாள் என்றால் இவன் ஐந்தடி நடக்கப் பார்ப்பான். தாய்மாரும் அப்படித்தான். எந்த ஸ்பிளிண்ட் எங்கே செய்கிறார்கள், அடையாள அட்டைக்கு எந்தக் கிழமை போக வேண்டும், வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று நான் பத்து நாள் சொல்வதை அவர்கள் ஒரே மத்தியானத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

அடையாள அட்டை என்றதும் ஒன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. விபத்தால் வரும் மூளைக் காயம் என்று அதில் தனி வகை இல்லை. கை கால் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு என்று விளைவை வைத்துத்தான் சான்று பெற வேண்டும். நடந்துவிட்ட பிள்ளைக்கு மறதியும் கோபமும் மட்டும் மீதியிருந்தால் அதைச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு ஆள் துணை வேண்டும். ஒரு மையம் இருந்தால் அந்தத் துணையும் கிடைக்கும்.

நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முதலில் பங்கு. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பேர் பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதனால்தான் தானம் கேட்கவில்லை, வாடகைப் பத்திரமும் கேட்கவில்லை. ஐந்து வருடத்துக்குப் பகல் நேரத்தில் மட்டும் பயன்படுத்திக்கொள்ள எழுத்துப்பூர்வமான அனுமதி போதும். உரிமை உங்களுடையதாகவே இருக்கும், கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று வந்தால் அந்த வாரம் நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். சினிமாப் படப்பிடிப்புக்கும் தங்கும் விடுதிக்கும் பல வீடுகளை ஏற்கெனவே இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பத்திரம் எழுதத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு.

இரண்டாவது, புனிதம். முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வீட்டைக் கேட்கவில்லை. சாமி வீட்டுப் பக்கமும், பங்காளிகளின் அறைகளின் பக்கமும் வர மாட்டோம். ஆனால் நோயாளிப் பிள்ளைகள் வந்துபோனால் வீட்டுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நடக்க முயலும் ஒரு பிள்ளையால் எந்த வீட்டுக்கும் கெடுதல் வராது.

மூன்றாவது, வீடு கெட்டுவிடுமோ என்ற பயம். சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், கல்லைப் பெயர்க்க மாட்டோம். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, அந்த அருமை எங்களுக்கும் தெரியும். சக்கர நாற்காலிக்கான சரிவைக் கழற்றி எடுக்கும்படி மரத்தில் செய்யலாம். ஆனால் முகப்புப் பக்கம் அது ஒத்துவராது. ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. தெருவிலிருந்து நான்கடி உயர்ந்த முகப்புக்கு 48 அடிச் சரிவு எங்கே போடுவது? தெருவுக்குத் தெரு நீண்ட வீடுகளில் பின்வாசல் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். அந்த வழியும், இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியில், கூடம் போன்ற ஒரு பட்டாலையும், தண்ணீரும், கைப்பிடி வைத்த ஒரு மேற்கத்திய கழிப்பறையும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். தினமும் திறந்து பெருக்கிக் காற்றோட்டமாக வைத்திருக்கும் வீட்டில் கரையானும் வௌவாலும் அண்டாது என்பது பூட்டி வைத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். இடம் கிடைத்தால் உள்ளூரில் என்னைப் போல இரண்டு மூன்று பேர் முறை வைத்து வரத் தயார். பேச்சுப் பயிற்சியாளரும் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற பயிற்சியாளரும் மதுரையிலோ திருச்சியிலோதான் கிடைப்பார்கள். வாரம் ஒரு நாள் அவர்கள் இங்கே வரட்டும். இருபது தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்குப் பதில் ஒரே ஒருவர் பஸ் ஏறினால் போதும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் ஒரு துறை இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் இது பயிற்சிக் களமாகும். அறக்கட்டளைகளிடம் நான் கேட்பது ஒரு முழுநேர இயன்முறை மருத்துவரின் சம்பளமும், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேனும், ஸ்பிளிண்ட் மாற்றுவதற்கு ஒரு சிறு நிதியும். ஒரு வருடத்துக்குக் கொடுத்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் வேண்டாம். பாதியில் நின்றுபோன பயிற்சி தாய்மாரை அடுத்த முயற்சிக்கே வரவிடாது. ஐந்து வருடத்துக்கு வாக்குக் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் முன்வாருங்கள்.

கிராமத்தில் இது நடக்காது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக ஓர் இடத்தைச் சொல்கிறேன். தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழே உடல் இயங்காமல் போன பிறகு அவர் செய்த வேலை அது. இன்று அந்தச் சங்கத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். தேர்ந்தவர்கள் பின்னாலிருந்து வழிகாட்டுகிறார்கள். நம் ஊர்களில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். கற்றுக்கொடுக்க நான் தயார்.

கொடுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காசியிலும் ராமேஸ்வரத்திலும் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டியவர்கள் உங்கள் முன்னோர். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் வள்ளல் அழகப்பர், அது 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்றபோது தாம் குடியிருந்த வீட்டையே விட்டுக் கொடுத்தார் என்று இந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். நான் குடியிருக்கும் வீட்டைக் கேட்கவில்லை. ஆள் இல்லாத வீட்டில், பகலில், ஒரு கூடம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பைக்கில் பிள்ளையை முன்னால் டேங்க்மேல் உட்கார வைத்து ஓட்டாதீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். சின்ன அளவில் கடையில் கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள்.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க எங்கிருந்தாலும் ஒன்று கூடுவீர்கள். பங்காளிகள் ஒருவரையொருவர் பார்க்கிற அந்த வேளையில் இந்தப் பேச்சை எடுங்கள். ஒப்புக்கொள்ளாத பங்காளி இருந்தால் நானே போனில் பேசுகிறேன், எந்த நாட்டு நேரமாக இருந்தாலும் சரி. ஒப்புக்கொண்டால் சாவியோடு ஒருவரை அனுப்புங்கள். அளவு டேப்பும் கொத்தனார் ஒருவரும் என்னோடு வருவார்கள். பின்வாசல் படியின் உயரத்தை அளந்து, செலவு எவ்வளவு ஆகும் என்று அந்த வாரமே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தேவகோட்டையிலிருந்து
ஓர் இயன்முறை மருத்துவர்